பட்டன் போனா, ஆப் பூட்டா, விளக்கு வைக்கிற நேரமா? வீட்டில் பேச்சு திரும்ப வர எது உதவும்

வீட்டில் போன் பார்ப்பதைக் குறைக்க வேண்டும் என்பதில் இப்போது யாருக்கும் மாற்றுக்கருத்து கிடையாது, எட்டாம் வகுப்புப் பையன்கூட ஒத்துக்கொள்கிறான். எப்படிக் குறைப்பது என்று கேட்டால்தான் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பட்டன் போனுக்கு மாறிவிடு என்கிறார் ஒருத்தர், நேரம் வைத்துப் பூட்டுகிற ஆப் போடு என்கிறார் இன்னொருத்தர், சாயங்காலமானால் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வெளியே போ என்கிறார்கள் சிலர், தினமும் ஒரு மணி நேரம் குறித்து எல்லார் போனையும் வேறு அறையில் வைத்துவிடு என்கிறார்கள் வேறு சிலர். நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கத்துக்காரி. இந்த நாலையும் எங்கள் வீட்டிலோ சொந்தக்காரர் வீடுகளிலோ யாராவது ஒருத்தர் செய்து பார்த்திருக்கிறார்கள். எந்த வீட்டுக்கு எது சரிப்படும் என்று எனக்குப் பட்டதை எழுதுகிறேன்.

முதலில் எதை வைத்து அளப்பது என்று தீர்மானித்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலானவர்கள் நேரத்தை அளக்கிறார்கள். ஐந்து மணி நேரமாக இருந்தது மூன்றாகிவிட்டது என்று சந்தோஷப்படுகிறார்கள். சரி, மிச்சமான இரண்டு மணி நேரத்தில் யாரோடு பேசினீர்கள் என்று கேட்டால் பதில் இருக்காது, ஏனென்றால் இவர் கீழே வைத்த நேரத்தில் மனைவி கையில் போன், மனைவி வைத்த நேரத்தில் மகள் கையில் போன். அதனால் என் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: போனை வைத்த அந்த நேரத்தில் எதிரே பேச ஒரு ஆள் உட்கார்ந்திருந்தாரா? நாலு வழியையும் இதை வைத்துத்தான் பார்க்கப்போகிறேன்.

இது எனக்கு ஏன் இவ்வளவு முக்கியமாகிவிட்டது என்றால், போன வருஷம் கருங்கல் பக்கம் ஒரு துட்டி வீட்டுக்கு, அதாவது சாவு வீட்டுக்கு, போயிருந்தோம். பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். முன்பெல்லாம் துட்டி கேட்கப் போனால், "எப்பிடி ஆச்சு, ராத்திரி சாப்பிட்டாரா, யாரு பக்கத்தில இருந்தா" என்று ஒவ்வொருத்தரும் கேட்பார்கள், வீட்டுக்காரி அதையே வந்தவர்களிடமெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்வாள், அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் கொஞ்சம் மனசு ஆறும். அன்றைக்கு அந்த அக்கா வாசல் வரைக்கும் வந்து நின்றாள். பந்தலில் முக்கால்வாசிப் பேர் குனிந்திருந்தார்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டாள். வந்திருந்தவர்களை நான் குற்றம் சொல்லவில்லை. வேலைக்கு லீவு போட்டு, இரண்டு பஸ் மாறி, அந்த வீட்டுக்காகவே வந்தவர்கள். அத்தனை பாசம் இருந்தும் ஒரு வார்த்தை கேட்க முடியாமல் போனதே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆராய்ச்சிக்காரர்கள் சொல்வதும் ஏறக்குறைய இதுதான். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் முன்னூறுக்கும் மேற்பட்ட ஆட்களை நண்பர்களோடும் வீட்டாரோடும் ஒரு கஃபேயில் சாப்பிட வைத்துப் பார்த்து 2018-இல் வெளியிட்டார்கள். போன் மேசைமேல் இருந்தவர்களுக்குக் கவனம் கூடுதலாகச் சிதறியது, சேர்ந்து சாப்பிட்டதில் கிடைத்த சந்தோஷமும் குறைந்தது. மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் என்று சொல்ல முடியாது, ஆனால் வித்தியாசம் இருந்தது. அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 2015-இல் கேட்டபோது, செல்போன் வைத்திருப்பவர்களில் 89 சதவீதம் பேர் கடைசியாக நாலு பேரோடு கூடியிருந்தபோது போனை எடுத்ததாகச் சொன்னார்கள், அப்படி எடுப்பது பேச்சைக் கெடுக்கிறது என்று 82 சதவீதம் பேர் சொன்னார்கள். கெடுக்கிறது என்று தெரியும், தெரிந்தும் கை போகிறது. ஆகவே புத்திமதி சொல்வதோ மனவுறுதியை நம்புவதோ உதவாது, ஏதாவது ஏற்பாடு வேண்டும்.

இனி பட்டன் போன். கேட்க நன்றாக இருக்கும், ஆயிரத்தைந்நூறு இரண்டாயிரத்தில் கிடைக்கும், நாலைந்து நாள் சார்ஜ் நிற்கும். வாங்கப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஜியோ சிம் வைத்திருந்தால் பழைய 2ஜி பட்டன் போனில் அது வேலையே செய்யாது, ஜியோவுக்கு 2ஜி சேவை கிடையாது, 4ஜி பட்டன் போன்தான் வாங்க வேண்டும். பணம் அனுப்புவதற்கு வழி இருக்கிறது. 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி தொடங்கிவைத்த யுபிஐ 123பே மூலம் இணையம் இல்லாமலேயே அனுப்பலாம். ஓடிபி எஸ்எம்எஸ்ஸில் வந்துவிடும். ஆகவே ஒரு ஆள் பட்டன் போனோடு வாழ முடியாது என்பது பொய், தாராளமாக வாழலாம்.

ஒரு வீடு வாழ முடியுமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். என் நாத்தனார் வீட்டுக்காரர் மார்த்தாண்டத்தில் பெயிண்டுக் கடை வைத்திருக்கிறார். அவர் பட்டன் போனுக்கு மாறினார், உண்மையிலேயே மாறினார், பழையதை எடுத்து பீரோவில் வைத்துவிட்டார். அவருக்குத் தூக்கம் நன்றாக வந்தது, கடையில் வாடிக்கையாளர்களோடு நின்று பேசினார். ஆனால் கம்பெனிக்காரர்கள் கலர் நம்பர் அனுப்புவது, கேஸ் பதிவது, பிள்ளையின் பள்ளிக்கூடக் குரூப், பேங்க் வேலை என்று அவர் போனில் நடந்ததெல்லாம் நாத்தனார் போனுக்கு வந்து சேர்ந்தது. "அவரு போனை வெச்சிட்டாரு மைனி, இப்ப ரெண்டு பேரு போனையும் நாந்தான் பாக்கேன்" என்று அவளே என்னிடம் சொன்னாள். அவர் பேசத் தயாராக எதிரில் உட்கார்ந்திருக்கிறார், இவள் குனிந்து அவர் கடைக்கான படத்தைத் தேடிக்கொண்டிருக்கிறாள். ஆண்கள் பட்டன் போனுக்கு மாறி நிம்மதியாக இருப்பதாகச் சொல்லும்போது, அவர்கள் வீட்டில் அந்த வேலையை இப்போது யார் பார்க்கிறார் என்றும் கேட்க வேண்டும்.

அப்புறம் நம் மாவட்டத்துக்கே உரிய சில காரணங்கள் இருக்கின்றன. வளைகுடாவில் ஆள் இல்லாத தெரு இங்கே குறைவு. துபாயிலிருந்து வாட்ஸாப்பில் கால் பண்ண முடியாது, போட்டிம் மாதிரி ஆப் வேண்டும், பட்டன் போனில் அது ஏறாது. வருஷத்துக்கு ஒரு தடவையோ இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவையோ ஊருக்கு வருகிற அப்பாவின் முகத்தைப் பிள்ளை பார்ப்பது அந்தச் சின்னத் திரையில்தான், அதைப் பிடுங்கிவிட்டு வீட்டில் பேச்சைக் கொண்டுவருகிறேன் என்று சொன்னால் அதில் நியாயமே இல்லை. கடற்கரை ஊர்களில் போன் உயிர் சம்பந்தப்பட்ட பொருள். 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் அடித்தபோது கடலுக்குள் இருந்தவர்களுக்குச் செய்தி போய்ச் சேராததன் வலி இன்னும் அந்த வீடுகளில் இருக்கிறது; இன்றைக்குக் காற்று எச்சரிக்கையும் கள்ளக்கடல் (திடீரென்று அலை பொங்கிக் கரையேறுவது) எச்சரிக்கையும் கரையில் முதலில் வந்து விழுவது வாட்ஸாப் குரூப்பில். ரப்பர் விலையும் அப்படித்தான் வருகிறது. ஆகவே பட்டன் போன் பரீட்சை வருஷத்துப் பிள்ளைக்குச் சரி, வேலைக்குப் போன் தேவைப்படாத பெரியவர்களுக்குச் சரி, தான் கட்டுப்பாடு இழந்துவிட்டதாக உண்மையிலேயே உணர்கிற ஒருத்தருக்கு ரொம்பச் சரி. வீட்டில் பேச்சு வருவதற்கு அது போதாது.

நேரப் பூட்டு ஆப்களைப் பற்றி நிறையச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆண்ட்ராய்டில் டிஜிட்டல் வெல்பீயிங், ஐபோனில் ஸ்கிரீன் டைம், இரண்டும் 2018-இல் வந்தவை, காசு கிடையாது. இன்ஸ்டாவுக்கு அரை மணி நேரம் என்று வைத்தால் அரை மணியில் நின்றுவிடும். ஆனால் பூட்டியவர் கையிலேயே சாவியும் இருக்கிறது, செட்டிங்ஸுக்குள் போய் எடுத்துவிட ஒரு நிமிஷம் ஆகாது. சின்னப் பிள்ளைகளுக்குக் கூகுளின் ஃபேமிலி லிங்க் ஆப் நன்றாகவே உதவுகிறது, பெற்றோர் போனிலிருந்தே பிள்ளை போனுக்கு நேரம் வைக்கலாம், ராத்திரி பூட்டலாம். இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குத் திரையே கூடாது, ஐந்து வயது வரைக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2021-இல் சொல்லியிருக்கிறது, அதனால் சோறு ஊட்டும்போது போன் காட்டுகிற வீடுகளில் பூட்டு கட்டாயம் வேண்டும். வளர்ந்த பிள்ளைகள் விஷயம் வேறு. எட்டு மணிக்குப் பையன் போன் பூட்டிக்கொள்கிறது, அவன் ஹாலுக்கு வருகிறான், அங்கே அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு போனோடு இருக்கிறார்கள். அவனுக்கு அது தண்டனையாகத்தான் தெரியும். என் அளவுகோலில் இது தேறவில்லை. இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய ஒரே நல்ல விஷயம், தேவையில்லாத குரூப்களையெல்லாம் நிரந்தரமாக மியூட் பண்ணிவிடுவது. அதை எல்லாரும் இன்றைக்கே செய்யலாம்.

வெளியே போவது நல்ல யோசனை, ஆனால் யார் போக முடியும் என்று பார்க்க வேண்டும். ஆண்களுக்குச் சாயக்கடை இருக்கிறது, பையன்களுக்கு வாலிபால் கிரவுண்டு இருக்கிறது, அங்கே பேச்சு இன்னும் செத்துவிடவில்லை, ஒரு பழம்பொரியும் கட்டன் சாயாவும் வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் நின்று பேசுகிறவர்களை எங்கள் ஜங்ஷனில் தினமும் பார்க்கலாம். சாயங்காலம் ஆறரை மணிக்கு ஒரு பெண் எங்கே போய் நின்று பேசுவாள்? முட்டம், சங்குத்துறை மாதிரி கடற்கரைக்குக் குடும்பத்தோடு போகலாம், ஆனால் அது ஞாயிற்றுக்கிழமைக் காரியம். அதோடு தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டுமே நனைக்கிற மாவட்டம் இது, வருஷத்தில் பல நாள் சாயங்காலம் குடையோடுதான் வாசலைத் தாண்ட வேண்டும்.

பெண்கள் முகம் பார்த்துப் பேசுகிற இடங்கள் வேறே இருக்கின்றன. அண்டி ஆபீஸ் (முந்திரிக்கொட்டை உடைக்கிற தொழிற்சாலை), நூறு நாள் வேலை நடக்கிற குளத்தங்கரை, சுயவுதவிக் குழுக் கூட்டம். குழித்துறைப் பக்கம் ஒரு அண்டி ஆபீஸில் என் சித்தி ரொம்ப வருஷம் வேலை பார்த்தாள். வறுத்த அண்டியைத் தட்டி உடைத்துப் பருப்பைச் சேதமில்லாமல் எடுக்கிற வேலை, கை முழுக்கக் கரியும் எண்ணெயும், அந்தக் கையால் போனைத் தொடவே முடியாது. வாய்க்கு மட்டும் வேலையில்லை. அதனால் யார் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், யார் வீட்டில் உடம்புக்கு முடியவில்லை, யாருக்கு அவசரமாகப் பணம் வேண்டும் என்பதெல்லாம் அந்த வரிசையில் உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் தெரியும். இதை நான் சும்மா சொல்லவில்லை, கீழே சொல்லப்போகிற வழிக்கு இதுதான் சூட்சுமம்.

என் ஓட்டு நாலாவது வழிக்கு, ஒரு நேரம் குறித்து வீடே சேர்ந்து போனை வைப்பதற்கு. மகாராஷ்டிரத்தில் சாங்லி மாவட்டத்து வட்காவ் கிராமத்தைப் பற்றிப் படித்திருப்பீர்கள். 2022-இல் தொடங்கினார்கள், ராத்திரி ஏழு மணிக்குக் கோயிலிலிருந்து சைரன் ஊதும், ஊரே போனையும் டிவியையும் அணைக்கும், எட்டரைக்கு மறுபடி சைரன். அவர்கள் செய்தது பிள்ளைகள் படிக்க வேண்டும் என்பதற்காக. ஆனால் அங்கே வேலை செய்தது எது என்று யோசித்தால், எல்லாரும் ஒரே நேரத்தில் வைத்தார்கள் என்பதுதான். தனியாக வைக்கிறவருக்கு இழப்பாகத் தெரிவது, எல்லாரும் வைக்கும்போது இழப்பாகத் தெரிவதில்லை.

நம் ஊரில் சைரன்கூடத் தேவையில்லை, அந்த நேரம் ஏற்கெனவே இருக்கிறது. இந்து வீடுகளில் விளக்கு வைக்கிற நேரம், கிறிஸ்தவ வீடுகளில் குடும்ப ஜெபம், அய்யாவழிக்காரர்களின் வழிபாட்டிடமான நிழல்தாங்கல்களில் உகப்படிப்பு என்கிற பிரார்த்தனை, முஸ்லிம் வீடுகளில் மக்ரிப் தொழுகை, எல்லாம் ஆறிலிருந்து ஏழரைக்குள் வந்துவிடும். அந்தப் பத்து இருபது நிமிஷம் பெரும்பாலான வீடுகளில் இன்றைக்கும் யாரும் போனைத் தொடுவதில்லை, தொட்டால் பெரியவர்கள் விடுவதில்லை. புதிதாக ஒரு சட்டம் போடுவதற்குப் பதிலாக அந்த நேரத்தை ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் நீட்டினால் போதும். எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தோம். ஜெபம் முடிந்ததும் போனை எடுக்க யாரும் எழுந்திருக்கக் கூடாது, சாப்பிட்டு முடித்த பிறகு எடுத்துக்கொள்ளலாம். டிவிக்கும் அதே விதி.

போன்கள் எங்கே இருக்க வேண்டும் என்பது முக்கியம். ஹாலில் கவிழ்த்துவைத்தால் போதாது, வேறு அறையில் இருக்க வேண்டும், ஆனால் ரிங் சத்தம் கேட்க வேண்டும். அவசரம் என்றால் என்ன செய்வது என்பதுதான் எல்லாரும் முதலில் கேட்கிற கேள்வி. டூ நாட் டிஸ்டர்ப் போட்டு, குறிப்பிட்ட நம்பர்களை மட்டும் அனுமதிக்கலாம். ஆண்ட்ராய்டில் பதினைந்து நிமிஷத்துக்குள் ஒரே நம்பரிலிருந்து இரண்டாவது தடவை அழைப்பு வந்தால் மணி அடிக்கும்படியும் வைக்கலாம். உண்மையான அவசரக்காரர் இரண்டு தடவை கூப்பிடுவார். துபாய்க்கும் நமக்கும் ஒன்றரை மணி நேர வித்தியாசம், இங்கே ஏழு என்றால் அங்கே ஐந்தரை, பல பேர் அப்போதுதான் வேலை முடிந்து வண்டியில் இருப்பார்கள். துபாயில் இருக்கிற எங்கள் அண்ணனிடம் எட்டரைக்கு மேல் கூப்பிடச் சொன்னோம், அவனுக்கும் குளித்துச் சாப்பாடு ஆக்கிவிட்டு உட்கார அதுதான் தோதாக இருக்கிறது. இப்போது அவன் கூப்பிடும்போது எல்லாரும் ஒரே இடத்தில் இருக்கிறோம், முன்பு போல ஒவ்வொருத்தர் போனுக்காகக் கூப்பிட்டு ஒரே விஷயத்தைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வழியின் பெரிய கஷ்டம், முதல் சில நாள் யாருக்கும் பேச ஒன்றும் இருக்காது. சும்மா உட்கார்ந்து ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருப்பது பிள்ளைகளுக்குச் சங்கடம், பெரியவர்களுக்கும்தான். "பேசுங்க" என்று சொன்னால் பேச்சு வராது, மார்க் என்ன ஆச்சு என்று விசாரணைதான் நடக்கும், அதற்குப் பயந்தே பிள்ளை அறைக்குள் ஓடும். அதற்குத்தான் அண்டி ஆபீஸ் சூட்சுமம்: கைக்கு வேலை கொடுக்க வேண்டும். முருங்கைக்கீரை உருவலாம், உள்ளி உரிக்கலாம், மரச்சீனிக் கிழங்கின் தொலி சீவலாம், பூ இருந்தால் கட்டலாம். இருப்பதிலேயே சிறந்தது சக்கை, அதாவது பலாப்பழம். கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு சுளை பிரிக்க ஆரம்பித்தால் முக்கால் மணி நேரத்துக்கு யாரும் எதையும் தொட முடியாது, பசை அப்படி ஒட்டும்.

ஒரு நாள் அப்படித்தான் ஒரு பெரிய சக்கையைச் சுற்றி எல்லாரும் இருந்தோம். என் அப்பா ஓரமாக உட்கார்ந்து சக்கைக்குரு (பலாக்கொட்டை) பொறுக்கிக்கொண்டிருந்தார். பிளஸ் டூ படிக்கிற மகள் சும்மா கேட்டாள், "பாட்டா, நீங்க மலையாள பேப்பர் வாசிக்கீங்களே, எங்க படிச்சீங்க?" அவர் கையை நிறுத்தவில்லை. "நம்ம இஸ்கூல்லதான் மக்களே, மூணாங்கிளாஸ் வர எனக்கு மலையாளந்தான்." அப்புறம் வரிசையாக வந்தது: இந்த இடமெல்லாம் திருவிதாங்கூரில் இருந்தது, 1956 நவம்பர் 1-இல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் தமிழ்நாட்டோடு சேர்ந்தது, அதற்குப் பிறகு இவரைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் மாற்றிப் போட்டது, அங்கே எழுத்துத் தெரியாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தது, ஒரு வாத்தியார் பள்ளிக்கூடம் விட்டபிறகு தனியாக உட்காரவைத்து அ ஆ சொல்லிக்கொடுத்தது. மகள் பாடப்புத்தகத்தில் இந்த ஊர்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க நடந்த எல்லைப் போராட்டத்தையும் அதன் தலைவர் நேசமணியையும் படித்தவள். தன் வீட்டில் அதை வாழ்ந்த ஒரு ஆள் இத்தனை வருஷமாகப் பக்கத்து அறையில் இருந்தது அவளுக்குத் தெரியாது. எனக்கே அந்த வாத்தியார் கதை தெரியாது, நான் அவர் மகள்.

இந்த வழி எல்லா வீட்டுக்கும் ஒத்துவராது என்பதையும் சொல்ல வேண்டும். நர்ஸ் வேலைக்கு ஷிப்டில் போகிறவர்கள், ராத்திரி டிரைவர்கள், விடிவதற்கு முன்னே ரப்பர் வெட்டப் போவதால் எட்டு மணிக்கே படுக்கிறவர்கள் இருக்கிற வீட்டில் எல்லாருக்கும் பொதுவான ஒரு மணி நேரம் கிடைப்பது கஷ்டம். அவர்கள் ஒரு சாப்பாட்டு வேளையை மட்டும் பிடித்துக்கொள்ளலாம், எந்த வேளையானாலும் சரி. பரீட்சை மாதங்களில் நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். "வீட்டுப்பாடம் குரூப்லதான் வருது" என்று பிள்ளைகள் சொல்வது உண்மைதான், அதை ஏழு மணிக்கு முன்னால் நோட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னால் முடிந்தது. ஆனால் அப்பா மட்டும் ஆபீஸ் கால் என்று போனை எடுத்துக்கொண்டு போனால் இரண்டாவது வாரத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும், இதில் விலக்கு யாருக்கும் கிடையாது. தூக்கம், சாப்பாடு, பள்ளிக்கூடம் எல்லாம் கெடுகிற அளவுக்கு ஒரு பிள்ளை போனில் மூழ்கியிருந்தால் இந்த நாலில் எதையும் பரிசோதித்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போங்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கென்றே 2014 முதல் தனிப் பிரிவு இருக்கிறது, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் தமிழிலேயே பேசலாம்.

நாலையும் கலந்து செய்யத் தடையில்லை. பாட்டா மாதிரி ஆட்களுக்குப் பட்டன் போன், ஐந்தாங்கிளாஸ் பையனுக்கு ஃபேமிலி லிங்க், பெரிய பையனுக்குக் கிரவுண்டு, வீடு முழுமைக்கும் விளக்கு வைக்கிற நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்றுதான் முடியும் என்கிறவர்கள் கடைசியில் சொன்னதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த நாலு வழிக்குமே வெளியில் நிற்கிற வீடுகள் நம் மாவட்டத்தில் நிறைய இருக்கின்றன. மகன் கத்தாரில், மகள் பெங்களூரில், இரண்டு மாடி கட்டி டைல்ஸ் போட்ட வீட்டில் ஒரு அம்மா தனியாக. அவர்களிடம் போய் யூட்யூப் பார்ப்பதைக் குறையுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது, அந்த வீட்டில் கேட்கிற ஒரே குரல் அதுதான். எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் அப்படி. அவர்கள் வீட்டுக்கு யாராவது போவதைத் தவிர வேறு வழி இல்லை, வாரத்தில் ஒரு தடவை போனாலும் போதும், போகும்போது உங்கள் போனை ஸ்கூட்டர் பெட்டியில் பூட்டிவிட்டுப் போங்கள், ஒரு மணி நேரமாவது உட்காருகிற மாதிரி போங்கள், ஏனென்றால் முதல் அரை மணி நேரம் அவர்கள் உங்களைச் சாப்பிடச் சொல்லிக்கொண்டேதான் இருப்பார்கள், பேச்சு அதற்குப் பிறகுதான் தொடங்கும்.